ஞாயிற்றுக்கிழமைப் பாரை: முல்லைத்தீவுக் கரையில் வாங்கின மீன் ஏன் நாறியது?

2024 மார்ச் 10, ஞாயிறு இரவு (வவுனியாவிலிருந்து ஒருவர் இணையத்தில் கேட்டது)

இன்று விடியவே வெளிக்கிட்டு மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கரைக்குப் போனோம். வேறு வேலை இல்லை, கடலில் இருந்து வந்த கையோடு மீன் வாங்குவதுதான் நோக்கம். பதினொரு மணிபோல ஒரு கொட்டிலில் பாரை வாங்கினேன், கிலோ 1,600 ரூபாய். மீனெல்லாம் மணல். "இப்பதான் கரைவலையில வந்தது, மணல் கூடக் காயேல்லை பாருங்கோ" என்றார் விற்றவர். வீட்டில் கொண்டுவந்து வெட்டினால் வயிறு குழைந்து போயிருக்கிறது, நடுமுள்ளோடு இருக்கிற இரத்தம் கறுத்திருக்கிறது, மணமும் சரியில்லை. எங்கள் சந்தையில் இதைவிட நல்ல மீன் 1,400க்கு எடுக்கலாம். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களே பழைய மீன் விற்றால் வன்னியில் நல்ல மீனை எங்கே போய்த் தேடுவது?

மார்ச் 11, திங்கள் (பதில்; இனி வருவதெல்லாம் பதில் எழுதினவருடையது)

தம்பி, மீனைப் பார்க்க முதல் கலண்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் அளம்பில் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பத்தொன்பது வயதில் ஒரு கரைவலை (கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வலை) வாடியில், அதாவது கடற்கரை மீன்பிடிக் கொட்டிலில், இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். இப்போது கிளிநொச்சியில் இரும்புக்கடை, அதனால் உங்களைப் போலவே மீனைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள்தான். ஆனால் நேற்று முல்லைத்தீவுக்குப் போய் மீன் வாங்கு என்று எனக்கு யாராவது பெற்றோல் அடித்துத் தந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஏனென்றால் நேற்று ஞாயிறு. அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களில் கத்தோலிக்கர் நிறையப் பேர். சனி பொழுதுபட்டால் அவர்கள் வலை விடுவதில்லை, ஞாயிறு காலை பூசை. ஆக ஞாயிறு காலை கரைக்கு வருகிற மீன் மற்ற நாட்களில் வருவதில் ஒரு பங்குதான். அது போதாதென்று நேற்று மாசி அமாவாசை, சைவக்காரர் மீன் தொடமாட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன் வெள்ளி, அதுவும் சிவராத்திரி. மீன் பிடிக்கிறவரும் இல்லாமல் வாங்குகிறவரும் இல்லாமல் கிடந்த மூன்று நாளின் கடைசி நாள், பதினொரு மணி வெயிலில் நீங்கள் போய் இறங்கியிருக்கிறீர்கள். கொட்டில்காரருக்கு உங்களைக் கண்டதும் சிவபெருமானைக் கண்ட மாதிரி இருந்திருக்கும்.

மணலைப் பற்றி. மணல் ஒட்டியிருந்தால் கரைவலை மீன் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு வியாபாரம் இருக்கிறது. ஐஸ் பெட்டியில் கிடந்த மீனை எடுத்துக் கழுவி, ஈரமணலில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டால் அது கரைவலை மீன். இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மடி, அதாவது வலையின் பை, கரையில் கொட்டுப்படும்போது மீன் உயிரோடு துடிக்கும், வாயை வாயைத் திறக்கும், அப்போது மணல் வாய்க்குள்ளும் பூவுக்குள்ளும் போய்விடும். (பூ என்று நாங்கள் சொல்வது செவுளை. வெளிநாட்டுப் பிள்ளைகளும் வாசிப்பதால் சொல்கிறேன்.) செத்தபிறகு புரட்டின மீனில் மணல் தோலில் மட்டும்தான் இருக்கும். பூவைத் திறந்தால் உள்ளே சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 11, இரவு

ஒரு திருத்தம். மேலே எழுதினதை வாசித்தால், மூன்று நாள் விற்காமல் ஊரிலேயே தேங்கின மீனைத்தான் உங்களுக்குத் தந்தார்கள் என்ற மாதிரி இருக்கிறது. அப்படி இருக்காது. கொழும்புக்குப் போகிற கூலர் லொறிக்குச் சிவராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை. சனி காலை வந்த நல்ல மீன் சனி மத்தியானமே ஏறியிருக்கும். லொறி எடுக்காமல் விட்ட மீன்தான் கொட்டிலில் இருந்திருக்கும். அதாவது உங்கள் பாரை பழையது மட்டுமில்லை, முதல் நாளே கழிக்கப்பட்டதும்கூட. ஆறுதல் சொல்ல வந்து இன்னும் மோசமாக்கிவிட்டேன் போல.

மார்ச் 13, புதன்

முல்லைத்தீவுத் தீர்த்தக்கரைக்காரர் ஒருவர் எனக்கு நன்றாகவே ஏச்சுத் தந்திருக்கிறார். விடியக் கரைக்கு வருகிற மீன் எல்லாம் புதுமீன் என்ற நினைப்பில் நான் எழுதியிருக்கிறேனாம். விடிய வந்தது படகுதான், மீன் எப்போது செத்தது என்று கேட்டீரா என்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வலைத் தொழிலில் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குப் போய் வலையை விடுவார்கள், விடியப்புறம் இழுப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மாட்டுப்பட்ட மீன் வலையிலேயே மூச்சடைத்துச் செத்து, எங்கள் கடலின் சூட்டுத் தண்ணீரில் எட்டு மணித்தியாலம் தொங்கும். விடியப்புறம் நாலு மணிக்கு மாட்டினது இழுக்கும்போதும் துடிக்கும். இரண்டும் ஒரே படகில், ஒரே குவியலில், ஒரே விலையில் வரும். முந்தினதின் கண் மங்கி உள்ளே விழுந்திருக்கும், பிந்தினதின் கண் புடைத்துக் கண்ணாடி போல இருக்கும். ஒரே படகு மீனில் ஒன்று நல்லாயிருந்தது ஒன்று சரியில்லை என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். விற்றவர் கலந்தாரா என்றால் கலந்தார்தான், ஆனால் கடலே கலந்துதான் கொடுத்தது.

கரைவலை வேறு. அது விடிந்தபிறகு வளைக்கிறது. படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு இரண்டு பக்கமும் கயிற்றைக் கரையில் இருந்து இழுப்பார்கள். என் காலத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் அம்பா (வலை இழுக்கிற பாட்டு) பாடி இழுத்தார்கள், இப்போது உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள், அதைப் பற்றிய சண்டை தனி இழைக்குக் காணும். மடி கரை ஏறும்வரை மீன் உயிரோடு இருக்கும். அதனால் கரைவலை மீன் புதிது என்ற பேர் பொய்யில்லை. பிரச்சினை அதற்குப் பிறகுதான். கரைவலையில் வருவது பெரும்பாலும் சூடை, கீரி, நெத்தலி, காரல் மாதிரிச் சின்ன மீன். அதை மணலில் குவித்து, ஏலம் கூறி, வியாபாரிமார் வந்து, விலை பேசி முடிய ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் கிடக்கும். சூடை வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தால் வயிறு வெடித்துவிடும். கரைக்கு உயிரோடு வந்த மீனைக் கரையிலேயே கெடுக்கிறது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

எல்லாவற்றிலும் நல்லது தூண்டில் மீன். விடியப்புறம் கொத்தினது, ஏழு மணிக்குக் கரை, உடம்பில் வலை அறுத்த கோடு இருக்காது. விளைமீனும் பாரையும் அப்படிக் கிடைத்தால் விலை பேசாமல் வாங்குங்கள்.

மார்ச் 17, ஞாயிறு

"அப்ப ஐஸ் மீன் வாங்கலாம் என்கிறீர்களா?" என்று மூன்று பேர். ஓம், வாங்கலாம். இதை எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஐஸ் மீன் என்றாலே சவம் என்று சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது.

மீன் கெடுவது கடலில் இருந்து எத்தனை கட்டை (மைல்) தள்ளி இருக்கிறோம் என்பதில் இல்லை. எத்தனை மணித்தியாலம் சூட்டில் கிடந்தது என்பதில். படகிலேயே ஐஸில் போட்ட மீன் ஒரு கிழமை தாண்டியும் சாப்பிடக்கூடியதாக இருக்கும். முப்பது பாகை வெயிலில் கிடந்த மீன் அன்று பின்னேரமே போய்விடும். ஆனால் ஐஸ் போடுவது என்றால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியின் அடியில் ஒரு கை, மேலே ஒரு கை தூவுவது இல்லை. எங்கள் வெக்கைக்கு மீன் ஒரு கிலோ என்றால் ஐஸ் ஒரு கிலோ, அடுக்கு அடுக்காக, உருகின தண்ணீர் வடிய வழி விட்டு. அப்படிப் போடுகிற ஒருநாள் படகுகளை விரல் விட்டு எண்ணலாம். ஐஸுக்குக் காசு, ஐஸ் நிறை, சின்னப் படகில் இடமும் இல்லை.

போன திங்கள் ஒரு சோதனை செய்தேன். தெரிந்த பொடியன் ஒருவன் படகில் ஐஸ் கொண்டுபோகிறவன், அவனிடம் ஒரு பாரை, கரையில் கிடந்ததில் ஒரு பாரை, இரண்டையும் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். எது ஐஸ், எது கரை என்று அம்மா கேட்கவே இல்லை. விரலால் ஒரு அழுத்து, பூவை ஒரு திறப்பு, மூக்குக்குக் கிட்ட ஒரு தரம். கரை மீனைத் தள்ளி, "இதுக்குப் புளி கூட விடவேணும்" என்றா. ஐஸ் மீனை எடுத்து, "இது சொதிக்கு" என்றா. அவ்வளவுதான். சொதிக்குப் போகக்கூடிய மீன்தான் மீன். பழப்புளியும் மிளகாய்த்தூளும் இல்லாமல் தேங்காய்ப்பாலில் ஒளிக்க முடியாது. ஐஸ் மீனைப் பற்றி நாற்பது வருடம் அம்மா சொன்னதற்கும் அவவின் விரல் சொன்னதற்கும் தொடர்பே இல்லை.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. சூரை, கும்பிளா இந்தச் சாதி மீன்கள் சூட்டில் கிடந்தால் தசைக்குள் ஹிஸ்டமின் என்று ஒன்று உண்டாகும். அது சமைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, மணத்திலும் பெரிதாகத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு எட்டுச்செலவில் (செத்தவீட்டு எட்டாம் நாள் சாப்பாடு) சூரைக் குழம்பு. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் பந்தியில் பத்துப் பேருக்கு மேல் முகம் சிவந்து, தலையிடி, உடம்பெல்லாம் கடி. செத்தவரின் ஆவி என்று ஒரு கிழவி தொடங்கிவிட்டா. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் அடங்கிவிட்டது. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, வெயிலில் கிடந்த சூரை என்று நினைக்கிறேன்.

சுறாவும் திருக்கையும் தனி. பழுதானால் அமோனியா மணம் தூக்கும், மூக்குள்ள எவரும் ஏமாற முடியாது.

மார்ச் 26, செவ்வாய்

நண்டுக்கு வந்துவிட்டார்கள். நேற்று முழுநிலவு, அதனால் இந்தக் கிழமை நண்டு வாங்கக்கூடாது, நிலவுக்கு நண்டு இளைக்கும் என்று ஒருவர், அது மூடநம்பிக்கை என்று இன்னொருவர். என் அப்பாவும் இளைக்கும் என்றுதான் சொல்வார். நான் நண்டு வாங்குகிற முறையில் நிலவு வருவதில்லை. நண்டு வளர ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றின புதிதில் ஓடு மெல்லிசு, உள்ளே தசை குறைவு, தண்ணீர் கூட. அடிப்பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வைத்துவிடுங்கள். ஒரே அளவான இரண்டைக் கையில் தூக்கிப் பாரமானதை எடுங்கள். நிலவில் குறைவது வலை மீன்தான், வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரியும். சூடைக்காரர் இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்குத்தான்.

நீலக்கால் நண்டுக்கு நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவுப் பக்கம் போக வேண்டும். போனாலும் பெரியது கிடைக்காது. அது நேரே கம்பனிக்கு, அவித்துத் தசை பிரித்து வெளிநாட்டுக்கு. கடற்கரையில் இருந்துகொண்டு நண்டின் சின்னக் காலைச் சூப்புகிற மாவட்டம் எங்களுடையது.

நந்திக்கடல் இறாலைப் பற்றிக் கேட்டவருக்கு: மழைக்கு வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டிக் கடல்தண்ணீர் ஏறினபிறகு வருகிற இறால் நல்லது, ருசி வேறு. நான் வாங்குகிறேன். அம்மா 2009க்குப் பிறகு நந்திக்கடலில் இருந்து வருகிற எதையும் தொடுவதில்லை, இறாலும் இல்லை, திரளியும் இல்லை. வீட்டில் சமைத்தால் அன்றைக்கு முட்டை பொரித்துச் சாப்பிடுவா. நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

வருடப்பிறப்பு முடிந்தது, மீன் விலைதான் இறங்கின பாடில்லை. வவுனியாத் தம்பி எப்போது வரலாம் என்று கேட்டிருந்தார். இனி வரலாம். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் மேற்குக் கடல் குழம்பும், எங்கள் கிழக்குக் கடல் படியும். அந்தக் காலத்தில்தான் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி போடுவார்கள். யாருக்கு எவ்வளவு பாடு (வலை விடுகிற இடம்), யார் என்ன வலை என்று வருடா வருடம் பிரச்சினை, அதை இங்கே கிளறவில்லை, கிளறினால் மீன் பேச்சு நின்றுவிடும். இன்னொரு விஷயம், நேற்று ஏப்ரல் 15 முதல் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளுக்கு அங்கே 61 நாள் தடை. திங்கள், புதன், சனி என்று அவர்கள் வருகிற நாட்கள் எங்கள் கரையில் பிள்ளைக்கும் தெரியும், அந்த இரவுகளில் வலை விடப் பயந்து வீட்டில் இருப்பவர்கள் உண்டு, விட்டவர்களின் வலை அறுந்து போனதும் உண்டு. இங்கே இழுவைமடிக்கு 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது, கடலுக்குத்தான் அந்தச் சட்டம் தெரியாது. இந்த இரண்டு மாதம் மூச்சு விடலாம்.

நாள்: செவ்வாய் அல்லது வியாழன். வெள்ளி மலிவு, ஊரில் பாதிப்பேர் மரக்கறி. மலிவாக வாங்க வெள்ளி போகலாம்தான், வீட்டில் சட்டி ஏற்றவிட மாட்டார்கள்.

மே 26, ஞாயிறு

போன கிழமை வற்றாப்பளைப் பொங்கல். தீர்த்தக்கரையில் கடல்தண்ணீர் எடுத்துப்போய் அம்மனுக்கு விளக்கெரிக்கிற ஊர், அந்தக் கிழமை மீன் பேச்சு இல்லை. கடை பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் நாலு நாள் நின்றேன். நின்றதில் ஒன்று உறைத்தது. ஆரம்பத்தில் இருந்தே எல்லாரும், நானும்கூட, நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். நல்ல மீன் ஏன் நிற்பதில்லை என்று எழுதவில்லை.

நான் கணக்கு எழுதின வாடியில் நடந்தது இது. ஒருவருக்கு 15 குதிரைவலு எஞ்சின் வேண்டும், அல்லது வலை வேண்டும், அல்லது மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. முதலாளி முற்பணம் கொடுப்பார். வட்டி இல்லை. வட்டி இல்லை என்பதை முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். பதிலுக்கு அந்தப் படகின் மீன் வேறு எவருக்கும் போகக்கூடாது, விலை முதலாளி சொல்வது. தராசில் பதினொரு கிலோ வந்தால் புத்தகத்தில் பத்து என்று எழுத வேண்டும், ஒன்று கழிவு, தண்ணீருக்கும் மணலுக்கும். அந்த ஒன்றை எழுதாமல் விட்டது இந்தக் கைதான். ஒரு சீசனுக்கு அந்த ஒன்றுகளைக் கூட்டினால் எவ்வளவு என்று ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். எஞ்சின் காசில் பெரும் பங்கு அதிலேயே அடைபட்டிருந்தது, ஆனால் கடன் பக்கத்தில் ஒரு சதமும் குறையவில்லை. கூட்டின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் வேலையை விட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. துணிச்சலாக விட்டதாக இங்கே எழுத ஆசைதான், உண்மையில் கிளிநொச்சியில் மாமா கடையில் இடம் கிடைத்தது.

ஆக, நீங்கள் கரையில் நிற்கும்போது படகில் இருந்து இறங்குகிற அறக்குளா உங்களுக்கு விற்பனைக்கு இல்லை. அது பிடிபட முதலே விற்றாகிவிட்டது, சிலவேளை இரண்டு வருடத்துக்கு முதல். படகுக்காரர் உங்களுக்குத் தர விரும்பினாலும் தர முடியாது. அதிக விலை சொன்னாலும் முடியாது. ஐஸ் பெட்டி, மத்தியானம் கூலர் லொறி, விடிய கொழும்புப் பக்கம் பேலியகொட மீன்சந்தை. அங்கே இருந்து மறுபடி ஏ9 வழியாக வவுனியாச் சந்தைக்கு வருகிற மீனில் எங்கள் மீனும் இருக்கும். தம்பி, உங்கள் ஊரில் 1,400க்கு வாங்குகிற நல்ல பாரை முல்லைத்தீவில் இறங்கினதாகவே இருக்கலாம், கொழும்பு பார்த்துவிட்டு வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 11 இல், மீனை மணலில் புரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினேன். பார்த்தது மட்டும் இல்லை. வாடிக்குக் கார்க்காரர் வந்தால் முதலாளி கண்ணைக் காட்டுவார், கணக்குப்பிள்ளைக்கும் அந்த வேலை உண்டு. பூவுக்குள் மணல் போகாது என்பது எனக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒருதரம் பூவுக்குள்ளும் விரலால் கொஞ்சம் மணல் வைத்துப் பார்த்தேன், முதலாளியே "ஓவரா செய்யாத" என்றார்.

ஜூன் 15, சனி

மேலே எழுதினதுக்கு நிறையப் பேர் ஏசியிருக்கிறார்கள், இரண்டு பக்கத்தாரும். முற்பணம் கொடுக்கிற முதலாளி இல்லாவிட்டால் வலை அறுந்த அடுத்த நாள் யார் காசு தருவார், வங்கியா தரும் என்று முள்ளிவாய்க்கால் பக்கத்து ஒருவர். அதுவும் சரி. சுனாமிக்கும் 2009க்கும் பிறகு வெறுங்கையோடு கரைக்கு வந்தவர்களுக்கு முதலில் எஞ்சின் வாங்கக் காசு நீட்டினது இந்த முதலாளிமார்தான். நான் அதை எழுதியிருக்க வேண்டும். கழிவுக் கிலோவை மட்டும் நான் விடமாட்டேன்.

மீன் கெடாமல் இருக்கப் போமலின் மருந்து போடுகிறார்களா என்று கேட்டவருக்கு: நான் வாடியில் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் பயம் என்று வந்தால் மீனவருக்கு ஆதாரம் தேவையில்லை, வயிற்றில் அடி விழும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாடு முழுக்க மீன் தொடமாட்டோம் என்றார்கள், கடலில் போன சனத்தை நினைத்து. படகே இல்லாத கரையில் பிடித்த கொஞ்சத்தையும் விற்க முடியவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடச் சந்தையில் கொரோனாக் கொத்தணி என்றதும் பாரை வாங்க ஆளில்லை. முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினது அப்போதுதான். அந்தக் கடியால் விலை ஏறினதாக ஞாபகம் இல்லை. அந்த மீனுக்கு வயிறு எடுத்திருந்தார்களா என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் பிளாஸ்டிக் மணிகளும் ஏற்றியிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது மேற்கே, கொழும்புக்கு முன்னால். இங்கே கிழக்குக் கரையில் சூடை வாங்கவும் யோசித்தார்கள். என் கடைக்கு வருகிறவர் ஒருவர் நெத்தலிக்குள் பிளாஸ்டிக் மணி தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று தரமும் நான் வயிறு நிறைய நல்ல மீன் சாப்பிட்டேன், மலிவாக. பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மீன் ஏன் இந்த விலை என்று கேட்கிறவர்களுக்குச் சின்னதாக ஒன்று. 2022 ஆகஸ்டில், இதே கிழமைகளில், மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340க்குப் போனது, ஒரே இரவில். அதற்கு முதல் பல மாதம் மண்ணெண்ணெயே இல்லை, கானோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் படகு எஞ்சின்கள் ஓடுவது அதில். தூரக் கடலுக்குப் போகிறவர் கிட்டக் கடலில் நின்றார், கிட்டக் கடலில் ஏற்கனவே நின்றவரோடு மோதினார். விலை பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. இப்போது தேர்தல் காலம், மேடைக்கு மேடை மீனவர் நலன். மண்ணெண்ணெய்க் கானோடு யாராவது மேடை ஏறினால் சொல்லுங்கள், வந்து கேட்கிறேன்.

செப்டெம்பர் 11, புதன்

வவுனியாத் தம்பி நேற்று மறுபடி போயிருக்கிறார், செவ்வாய், அளம்பிலுக்கு, ஆறரை மணிக்கு. வவுனியாவில் இருந்து ஆறரைக்கு அளம்பில் என்றால் எத்தனை மணிக்கு எழும்பினாரோ. நான் சொன்னபடி கொட்டிலுக்குப் போகாமல் கரையில் நின்றிருக்கிறார். அறக்குளாவைக் கண்ணால் பார்த்தாராம், கேட்டாராம், "அது போகுது தம்பி" என்றார்களாம். ஆனால் வலை தட்டின பொடியன் ஒருவன் தன் கறிக்கு எடுத்துவைத்த மீனில் பாதியை 800 ரூபாய்க்குத் தந்திருக்கிறான்: கொஞ்சம் கீரி, நாலு காரல், ஒரு சின்னச் சீலா, பேர் தெரியாத ஒரு தட்டை மீன் மூன்று. முதல்நாள் எழுத மறந்தது இதுதான். முதலாளியின் புத்தகத்தில் ஏறாத மீன் என்றால் அந்தக் கரையில் அது கறிக்கு எடுக்கிற மீன் மட்டும்தான். ஆளுக்கு ஒரு கை அளவு, சாதி கலந்து, சின்னனும் பெரிசுமாக இருக்கும். அதைத் தன் வீட்டுக்கென்று எடுப்பதால் பழுதானதை எவனும் எடுக்கமாட்டான். ஆனால் அது அவன் வீட்டுச் சட்டிக்குப் போகிற மீன். அவனாகத் தந்தால் வாங்குங்கள், எல்லாரும் போய்க் கேட்டு அதற்கும் விலை ஏற்றிவிடாதீர்கள்.

அந்தத் தட்டை மீன் ஓரா, படத்தைப் பார்த்தேன். சொதி வைக்கலாம், உங்கள் வீட்டில் ஒருதரம் வைத்தால் பாரையை மறந்துவிடுவார்கள். கழுவும்போது முதுகு முள்ளும் வயிற்று முள்ளும் கவனம், முதலிலேயே கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். ஏற்கனவே குத்திவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், கை கடுக்கத்தான் செய்யும், அது விஷ முள். பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து அதற்குள் கையை விட்டுக்கொண்டிருங்கள், குறையும். வீங்கி ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீனை வீட்டில் வேறு யாராவது வெட்டட்டும்.